குருவம்மாள் எடுத்துப் போட்ட கல்

கேரளத்து இடுக்கி மலையில், எங்கள் ஆனைக்கரையில் குருவம்மாளின் காரைத் தெரியாதவர்கள் கிடையாது. காரைவிட, அதை அவள் நிறுத்துகிற விதம்தான் எல்லோருக்கும் தெரியும். ஏற்றத்தில் வண்டி நிற்கும், கைப்பிரேக் ஏறுகிற சத்தம் கேட்கும், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியபடி இறங்குவாள். ரோட்டோரத்தில் தோதாக ஒரு கல்லைப் பார்த்து எடுத்துப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பாள். அரை நிமிடம் நிற்பதற்கும் இதே கூத்துதான். கிளம்பும்போது மறக்காமல் இறங்கி, அந்தக் கல்லை எடுத்து ஓடைப் பக்கம் போடுவாள். முட்டுக் கல்லை ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறவனை இந்த மலையில் யாரும் டிரைவர் என்று சொல்ல மாட்டார்கள். பின்னால் வருகிற பைக்காரன் அதில் ஏறி விழுந்து மண்டையை உடைத்துக்கொள்வான்.

என் பெயர் கற்பகம். ஜங்ஷனில் தையல் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். நீளம்தான், அதற்கென்ன இப்போது? இந்தக் கதையை நான் சொல்லாவிட்டால் குருவம்மாள் சொல்லப் போவதில்லை. நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் அவள் இரண்டு பேசிவிட்டு, மீதியை நம் ஊகத்துக்கு விட்டுவிடுவாள்.

அவளுடைய அப்பா அம்மா கம்பம் பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு வந்தவர்கள். அவளும் சின்ன வயதிலிருந்தே காயெடுக்கப் போனவள்தான். தோட்டத்து ஜீப்பில் ஆட்டை அடைப்பதுபோல் ஆட்களை அடைத்துக்கொண்டு போவார்கள். முன்சீட்டில் ஒரு ஓரம் கிடைத்துவிட்டால், வெளியே மலையைப் பார்க்க மாட்டாளாம். டிரைவரின் கால்களையே பார்த்துக்கொண்டு வருவாளாம். "எப்ப கால எடுக்குறான், எப்ப வைக்கிறான்னு பாத்துக்கிட்டே இருப்பேன் கற்பகம்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். கல்யாணமாகி, மகள் இந்து பிறந்து, அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் டிரைவிங் ஸ்கூல் பக்கம் போனாள். கணவன் பாண்டி ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்துகிற வேலை. அவன்தான் டீக்கடை டீக்கடையாக, "எம் பொண்டாட்டி கார் ஓட்டப் போறா, பாத்துக்கிட்டே இருங்க" என்று சொல்லித் திரிந்தான். பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கி, மஞ்சள் போர்டு போட்டார்கள்.

டாக்சி ஸ்டாண்டில் அவளை வைத்து அடிக்காத கிண்டல் இல்லை. "ஏத்தத்துல நிப்பாட்டி எடுக்கத் தெரியுமா தாயி? இல்ல, பின்னாலயே வீட்டுக்குப் போயிருவியா?" என்பான் ஒருத்தன். பெண் ஓட்டினால் வண்டி பின்னால் உருளும் என்பது அவர்களுக்கு அவ்வளவு நிச்சயம். டூரிஸ்டுகளை அவளிடம் ஒருவரும் அனுப்பவில்லை. அனுப்பியவர்கள் தாய்மார்கள்தான். முதலில் வந்தவள் ஜின்சி. ஆஸ்பத்திரியில் நர்ஸ், கணவன் ஓமனில். "குருவம்மா சேச்சி கொண்டுபோனா எனக்கு டியூட்டியில நிம்மதி உண்டு" என்று தன் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிவிட்டாள். அவளைப் பார்த்து அந்த ரோட்டில் இருக்கிற மற்ற தாய்மார்களும் ஏற்றிவிட்டார்கள். காலையில் பள்ளிக்கூடம், மாலையில் வீடு. வண்டி நிறையப் பிள்ளைகள். குருவம்மாளின் பிழைப்பு அதுதான், பெருமையும் அதுதான். ஸ்டாண்டுக்காரர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

இனி நடந்ததைக் கேளுங்கள்.

மழைக்காலம், மஞ்சு இறங்கி எதிரே இருப்பது தெரியாத ஒரு காலை. லைனிங் துணி எடுக்கக் குமுளிக்குப் போக வேண்டியிருந்ததால் நானும் அவள் வண்டியில் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். தினமும் அந்தச் சீட்டில் ஸ்டோருக்குப் போகிற பாண்டி அன்றைக்கு விடியலிலேயே வேலைக்குப் போயிருந்தான். முதலில் ஏற்ற வேண்டியது ஜின்சியின் பிள்ளைகளை. அவள் வீடு ஏற்றத்தில், ரோட்டை ஒட்டி இருக்கிறது. வழக்கம்போல நிறுத்தினாள், இறங்கினாள், கல்லைப் போட்டாள், திரும்ப வந்து உட்கார்ந்து ஹார்ன் அடித்தாள். அவள் கல்லைப் போட்டதை நான் கண்ணாடியில் பார்த்தேன். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? தொண்டைத் தண்ணி வற்றச் சொல்லியாகிவிட்டது. ஜின்சியின் பிள்ளைகள் இன்னும் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் பின்னாலிருந்து டமார் என்று ஒரு இடி. வண்டி முன்னால் எகிறி நின்றது. என் நெற்றி டாஷ்போர்டில் மோதியது.

திரும்பிப் பார்த்தால் பின்கண்ணாடி இல்லை. பிள்ளைகள் உட்காருகிற பின்சீட்டு முழுக்கக் கண்ணாடித் தூள். டிக்கி உள்ளே மடங்கிக் கிடந்தது. ஜின்சி வாசலுக்கு ஓடி வந்து, அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

இடித்தது பெரிய சாம்பல் நிறக் கார், தமிழ்நாட்டு நம்பர். அதிலிருந்து இறங்கிய ஆள் பூபதிராஜா, கோயம்புத்தூர்க்காரர். மனைவியோடு தேக்கடி பார்க்க வந்தவர். ஓடி வந்தார். "அக்கா, தப்பு என்ர மேலதானுங்க. மஞ்சுல வண்டி நிக்கிறதே தெரியலீங்க. நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க, எல்லாம் நாம் பாத்துக்கறனுங்க" என்றார். அவர் மனைவி காரை விட்டு இறங்கி ரோட்டோரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

குருவம்மாள் என்ன செய்தாள் தெரியுமா? வண்டி முன்னால் போய்விட்டதால் அந்த முட்டுக் கல் ரோட்டு நடுவில் தனியாகக் கிடந்தது. கீழேயிருந்து ஒரு பைக் ஏறி வருகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய் அந்தக் கல்லை எடுத்து ஓடையில் போட்டாள். தன் வண்டி நொறுங்கிக் கிடக்கிறது, பைக்காரன் விழுந்துவிடக் கூடாதாம்! அப்புறம் அந்தப் பெண்ணை ஜின்சி வீட்டுப் படியில் உட்கார வைத்து, தன் பிளாஸ்கிலிருந்து சுடுதண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அதற்கெல்லாம் பிறகுதான் பூபதிராஜா போனை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். இன்சூரன்ஸ் கம்பெனியில் கேட்பார்களாம். நான் கண்ணாடித் தூளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

இந்த மலையில் ரத்தம் வராத விபத்தெல்லாம் ரோட்டிலேயே பேசி முடிகிறதுதான் வழக்கம். ஒத்துதீர்ப்பு என்பார்கள். அன்றைக்கும் ஸ்டாண்டுக்காரர்கள் நாலு பேர் கூடினார்கள், பேசினார்கள், முடித்தார்கள். அந்த வழியாகப் போன போலீஸ் ஜீப் நின்று, "பராதி உண்டோ?" என்று கேட்டது. "ஒண்ணுமில்ல சார், அவரே தப்புன்னு ஒத்துக்கிட்டாரு" என்றாள் குருவம்மாள். அவர்களும் புகாரில்லை என்று குறித்துக்கொண்டு போய்விட்டார்கள். பூபதிராஜா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, நம்பர் கொடுத்துவிட்டு, தேக்கடிக்குப் போனார். யானை பார்த்திருப்பார்.

முதலில் இரண்டொரு தடவை போனை எடுத்தார். "பண்ணிட்டேனுங்க அக்கா, கம்பெனில சொல்லியாச்சுங்க" என்றார். அப்புறம் எடுக்கவில்லை. குருவம்மாளின் நம்பரைப் பார்த்தாலே அவர் போனுக்கு ஜுரம் வந்துவிடும் போலிருக்கிறது.

நாங்கள் அவளுடைய இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டோம். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னார்கள், அழுத்தினோம். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு குரல், அப்புறம் ஒரு பாட்டு. முக்கியம் என்றால் எடுத்துத் தொலையேன்! நான் ஒரு ரவிக்கைக்குக் கை வைத்து, கொக்கி வைத்து முடிக்கிற வரைக்கும் அந்தப் பாட்டு ஓடியது. கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். குருவம்மாள் நடந்ததைச் சொல்லிக்கொண்டே வந்து, "பின்னால கல்லு போட்டிருந்தேம்மா" என்றாள்.

"கல் விழுந்ததா மேடம்? வண்டி மேல கல் விழுந்ததா?"

"விழுகலம்மா. நானே போட்டேன்."

"உங்க வண்டி மேல நீங்களே கல் போட்டீங்களா மேடம்?"

நான் போனைப் பிடுங்கி, முட்டு என்றால் என்ன, ஏற்றம் என்றால் என்ன, மலை என்றால் என்ன என்று விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்தப் பெண் சொன்னாள்: "புரியுது மேடம். மண் சரிவுன்னு போட்டுக்கவா?"

எனக்கு வந்த கோபத்துக்குப் போனைத் தையல் மிஷினில் வைத்து மிதித்திருப்பேன். குருவம்மாள்தான் வாங்கி, "வேண்டாம்மா, நாங்க பெறகு பேசுறோம்" என்று வைத்தாள்.

ஸ்டேஷனுக்குப் போனால், அன்றைக்கு பராதி இல்லை என்றீர்களே, இப்போது எப்படி எழுதுவது என்றார்கள். எழுதிக் கொண்டு வாருங்கள் என்றார்கள். கொண்டு போனால் எழுதுகிறவர் இல்லை. அவர் இருக்கிற நாளில் பெரியவர் இல்லை. ஒவ்வொரு தடவையும் நான் கடையைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியிருந்தது. ஓணத்துக்குத் துணி கொடுத்தவர்கள் என்னைத் திட்டினார்கள். நான் யாரைத் திட்டுவது?

இதற்கிடையில்தான் லிஜி வந்தாள். லிஜி இன்சூரன்ஸ் ஏஜென்ட், நல்ல பெண், குருவம்மாளுக்குப் பாலிசி போட்டுக் கொடுத்தவள். ஒரு நாள் என் கடைக்கு வந்து போனைக் காட்டினாள். பூபதிராஜா தன் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து, அங்கிருந்து லிஜியின் கம்பெனிக்கு வந்தது அதில் இருந்தது. ஏற்றத்தில் முன்னால் நின்ற வண்டியை ஓட்டுநர் சரியாக நிறுத்தாததால், அது பின்னோக்கி உருண்டு வந்து அவர் காரில் மோதியதாம். கூடவே படங்கள். இப்படியும் அப்படியும் எடுத்த அத்தனை படத்திலும் குருவம்மாளின் பின்சக்கரம் தெளிவாகத் தெரிந்தது. சக்கரத்துக்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

குருவம்மாள் அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "கல்லு இல்ல" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

நான் விடுவேனா? என் நம்பரிலிருந்து பூபதிராஜாவைக் கூப்பிட்டேன். தெரியாத நம்பர் என்பதால் எடுத்துவிட்டார்.

"ஏங்க, உங்க சம்சாரத்துக்குச் சுடுதண்ணி குடுத்தவ வண்டியா உருண்டு வந்து உங்கள இடிச்சுச்சு? மனசாட்சி இருக்கா உங்களுக்கு?" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்கக்கா" என்றார். "ஏஜென்ட்டு அப்புடித்தான் எழுதச் சொன்னாருங்க. தப்பு என்ர மேலன்னு போட்டா, இத்தன வருசமா கிளெய்ம் கேக்காம இருந்ததுக்குப் பிரீமியத்துல குடுக்கிற தள்ளுபடி போனஸ் போயிருமுங்க. அந்தக்காவுக்கும் ஒண்ணும் நட்டமில்லீங்களே, அவிங்க கம்பெனி குடுத்துருமில்லீங்க?" இதையும் மரியாதையாகவே சொன்னார். அவருடைய ஒவ்வொரு 'ங்க'வும் என் காதில் ஊசியாக ஏறியது. நான் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன், அதை இங்கே எழுத முடியாது. அவர் வைத்துவிட்டார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை என்று லிஜி விளக்கினாள். குருவம்மாளின் கம்பெனி அவளுடைய வண்டிக்குக் கொடுத்துவிடும். தப்பு யார் பேரில் என்றாலும் கொடுக்கும். ஆனால் அவளும் வண்டி பின்னால் உருண்டது என்றே எழுதிக் கொடுத்துவிட்டால் சட்டென்று முடியும். இரண்டு பக்கமும் ஒரே கதை ஆகிவிடும். இல்லை, அவன்தான் இடித்தான் என்று நின்றால், விசாரணை, சாட்சி, கோர்ட்டு என்று இழுக்கும்.

"ஒரு ஒப்பு இட்டா மதி சேச்சி" என்றாள் லிஜி, பேனாவை நீட்டிக்கொண்டு. ஒரு கையெழுத்து போதுமாம். "பைசா வரும், வண்டி சரியாகும். அதில என்ன எழுதியிருக்குன்னு ஆரு நோக்கப் போறாங்க?"

குருவம்மாள் பேனாவைத் தொடவில்லை. "எந்தத் தாய் அதுக்கப்புறம் பிள்ளைய ஏத்துவா லிஜி?" என்றாள்.

யார் பார்க்கப் போகிறார்கள் என்றாளே லிஜி, பார்க்காமலா இருந்தார்கள்? அதற்குள் பூபதிராஜா எழுதிக் கொடுத்தது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஸ்டாண்டுக்காரர்களுக்கு அது பாயசம் குடித்தது மாதிரி. "நாங்க அன்னைக்கே சொன்னோம்ல" என்று ஆரம்பித்துவிட்டார்கள். விபத்தன்று வந்து நின்று, பூபதிராஜா தப்பை ஒத்துக்கொண்டதைக் காதால் கேட்டவர்களே இப்போது, "யாருக்குத் தெரியும், மஞ்சா இருந்துச்சு" என்றார்கள். போய்ச் சாட்சி சொல்லுங்கள் என்றால், நமக்கெதுக்குப் பொல்லாப்பு என்று நழுவினார்கள். நான் சொன்னேனே, நான் வண்டிக்குள்ளேயே இருந்தேனே என்றால், நீங்கள் குருவம்மாளின் சிநேகிதி, உங்கள் பேச்சு எடுபடாது என்றார்கள் கம்பெனியில். என் நெற்றியும் இடிபட வேண்டும், என் பேச்சும் எடுபடாதாம்!

பிள்ளைகள் வேறொரு ஜீப்பில் போக ஆரம்பித்தார்கள். வண்டி சரியாகிற வரைக்கும்தான் என்று முதலில் சொன்னார்கள். பிறகு, கம்பெனி முடிவு வரட்டும் என்றார்கள். ஜின்சி நேராகவே வந்து சொன்னாள். "சேச்சி, எனக்கு விஸ்வாசம்தான், நம்பிக்கைதான். ஆனா பிள்ளைங்களோட அப்பன் ஓமன்லேர்ந்து போன் விளிச்சுக் கேக்குறாரு. பின்னால உருளுற வண்டியிலயா பிள்ளைங்கள விடுறன்னு. நான் என்ன சொல்லட்டும்?" அன்று குருவம்மாள் என் கடையில் உட்கார்ந்து, வெட்டிப் போட்ட துணித் துண்டுகளை நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கிக்கொண்டே இருந்தாள். நான் அடுக்கச் சொல்லவில்லை. அவளுக்குச் செய்ய வேலை இல்லை. அதைப் பார்க்க எனக்கு அழுகைதான் வந்தது.

பாண்டி மட்டும் சளைக்கவில்லை. ஸ்டோர் விட்டதும் ஸ்டாண்டுக்குப் போய், "எம் பொண்டாட்டி நிப்பாட்டுன வண்டி ஒரு நூலு பின்னால வராதுடா! வந்துச்சுன்னா எம் மீசைய எடுத்துக்கிறேன்" என்று சண்டை போட்டுவிட்டு வருவான். அதைக் கேட்கும்போதெல்லாம் குருவம்மாள் லேசாகச் சிரிப்பாள். அந்த நாட்களில் அவள் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

லிஜி எப்படியோ மன்றாடி, சேதத்தைப் பார்த்து எழுதுகிற இன்சூரன்ஸ் சர்வேயரை ஊருக்கே வரவழைத்தாள். வண்டியை விபத்து நடந்த இடத்திலேயே பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். ஒரு சனிக்கிழமை வந்தார். சின்ன வயது, மலையாளி, தோளில் பை. டிக்கியைக் கயிற்றால் கட்டி வண்டியை ஜின்சி வீட்டு ஏற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினோம். ஸ்டாண்டுக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் திரும்பினார்கள். ஜின்சி தன் வாசலில் வந்து நின்றாள். இன்னும் இரண்டு தாய்மார்கள் வந்தார்கள்.

சர்வேயர் எல்லாவற்றையும் அளந்தார், படம் எடுத்தார். "கல்லு வச்சிருந்தேன்னு சொன்னீங்களே, அது எவிட?" என்று கேட்டார்.

குருவம்மாள் அவரை ஓடைக்கு அழைத்துப்போய்க் காட்டினாள். ஓடை முழுக்கக் கல்தான். இடுக்கியில் கல்லுக்கா பஞ்சம்? அவர் ஓடையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இதில அந்தக் கல்லு ஏது சேச்சி?"

அவள் இறங்கி, தண்ணீரில் கையை விட்டு, ஒரு கல்லைத் தூக்கிக் காட்டினாள். "இதுதான் சார்."

"இதுதான்னு எப்படி அறியும்?"

"எனக்குத் தெரியும் சார்."

ஸ்டாண்டுக்காரர்கள் சிரித்தார்கள். சர்வேயர் சிரிக்கவில்லை, பாவம், அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குருவம்மாள் கல்லைக் கீழே போட்டுவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தாள்.

"கல்லு இல்லாமயே நிக்கும் சார்" என்றாள். "நிப்பாட்டி எடுத்துக் காட்டுறேன். யாராச்சும் பின்னால வந்து நில்லுங்க."

"ஐயோ, அதெல்லாம் வேண்டா சேச்சி" என்றார் சர்வேயர்.

"நான் நிக்கிறேன்!" என்று பாண்டி முன்னால் வந்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வண்டிக்குப் பின்னால், பம்பருக்கு ஒரு முழம் தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "எடு குருவம்மா!"

அவள் வண்டியை ஸ்டார்ட் செய்தாள். இன்ஜின் உறுமியது. ஏற்றத்தில் வண்டியை எடுக்கிறபோது ஒரு கணம் வரும். கைப்பிரேக்கை விடுகிற கணம். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும் பாண்டி ஓடைக்குள் குதித்தான்.

வண்டி ஒரு நூல்கூடப் பின்னால் வரவில்லை. வெண்ணெய் மாதிரி முன்னால் ஏறிப் போனது. ஆனால் அதை யார் பார்த்தார்கள்? அத்தனை பேரும் பாண்டியைத்தான் பார்த்தார்கள். ஸ்டாண்டுக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "டேய், கட்டுன புருசனே நம்பலடா!" என்று ஒருத்தன் கத்தினான். முழங்கால் வரைக்கும் சேறோடு பாண்டி ஓடையில் நின்றான்.

மேலே வண்டி நின்றது. பக்கக் கண்ணாடியில் குருவம்மாளின் முகம் தெரிந்தது. பார்த்துவிட்டாள்.

வண்டியைப் பின்னுக்கு எடுத்து, பழைய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினாள். கைப்பிரேக்கைப் போட்டாள். இன்ஜினை அணைத்தாள். இறங்கவில்லை. ஒருவரையும் கூப்பிடவும் இல்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறிவிட்டது. "சீ, தள்ளுங்கடா!" என்று ஸ்டாண்டுக்காரர்களை விலக்கிக்கொண்டு போய், பாண்டி நின்ற இடத்தைவிட இன்னும் கிட்டத்தில், பம்பர் முழங்காலில் படுகிற மாதிரி நின்றேன்.

"எடுங்கக்கா!" என்று கத்தினேன்.

பயமில்லை என்றால் பொய். இன்ஜின் உறுமியது. எனக்கும் ஒரு மகன் இருக்கிறான், கடன் இருக்கிறது, கடை இருக்கிறது, எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. 'டக்' என்றது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். பம்பர் முழங்காலை விட்டு விலகியது. கண்ணைத் திறந்தபோது வண்டி மேலே போயிருந்தது, நான் அதே இடத்தில் நின்றிருந்தேன். யாரும் சிரிக்கவில்லை.

நான் சர்வேயரிடம் திரும்பினேன். "பாத்தீகளா சார்? இத எழுதுங்க."

அவர் பேனாவை வைத்துக்கொண்டு தவித்தார். "சேச்சி, இன்னிக்கு நான் கண்டது சரிதான். அன்னிக்கு நடந்தது நான் கண்டில்லல்லோ. இன்னிக்குக் கண்டத வச்சு அன்னிக்குள்ளத எப்படி எழுதுறது?"

அவர் சொன்னது நியாயம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அநியாயமாகப் பேசியிருந்தால் நாலு கேட்டிருப்பேன். இவரை என்ன செய்ய?

குருவம்மாள் இறங்கி வந்தாள். "அப்ப என்னதான் சார் எழுதுவீக?"

"யாரு இடிச்சதுன்னு தீர்மானிக்க முடியலன்னு எழுதலாம். அப்ப விசாரணைக்குப் போகும். எப்ப முடியும்னு சொல்ல முடியாது. இல்லன்னா, லிஜி சொன்ன மாதிரி எழுதிக் கொடுத்தா…"

"வண்டி உருளலன்னு எழுத அந்தத் தாளுல இடமில்லையா?"

"அப்படி ஒரு இடம் அதில இல்ல சேச்சி."

குருவம்மாள் அவர் கையிலிருந்த தாளை ஒருமுறை பார்த்தாள். "அப்ப கிளெய்ம் வேண்டாம் சார்" என்றாள். "உங்க பணமும் வேண்டாம், நான் உருண்டேங்கிறதும் வேண்டாம். முடிச்சிருங்க."

லிஜிக்கு அழுகையே வந்துவிட்டது. "ஒரு ஒப்பல்லே சேச்சி, ஒரே ஒரு ஒப்பு" என்று கெஞ்சினாள். கிறுக்கச்சி என்று ஸ்டாண்டில் சொன்னார்கள். எனக்கே அப்படித்தான் தோன்றியது, சொல்ல வாய் வரவில்லை. அவள் சர்வேயருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டாள். கோயம்புத்தூரில் பூபதிராஜாவின் போனஸ் பத்திரமாக இருக்கும். நன்றாக இருக்கட்டும்.

ஒர்க்‌ஷாப்பில் உடைத்துப் போட்ட வண்டி ஒன்றிலிருந்து டிக்கிக் கதவைக் கழற்றி மாட்டினார்கள். அது நீல நிறம். வெள்ளை வண்டிக்கு நீலக் கதவு. பெயின்ட் அடிக்கப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை காலை குருவம்மாள் ஒருவரும் கூப்பிடாமலே ஜின்சி வீட்டு வழியாகப் போனாள். சும்மா போனேன் என்றாள் என்னிடம். சும்மாவா போயிருப்பாள்? ஜின்சி பிள்ளைகளோடு ரோட்டில் நின்று கையைக் காட்டியிருக்கிறாள். தானே பின்கதவைத் திறந்து, சீட்டைக் கையால் தடவிப் பார்த்து, இரண்டு பேரையும் உட்கார வைத்தாளாம்.

"பாண்டி சேட்டன் ஓடையில சாடுனது கண்டேன்" என்றாளாம். "கற்பகம் சேச்சி நின்னதும் கண்டேன். வண்டி பின்னால வரல, அதும் கண்டேன். பிள்ளைங்க அப்பன்கிட்ட நான் பேசிக்கிறேன். அவரு அங்க இருக்காரு, நான் இங்கல்ல இருக்கேன்?"

மற்ற தாய்மார்களில் ஒருத்தி வந்தாள். இன்னும் சிலர் வரவில்லை, அவர்கள் பிள்ளைகள் இன்றைக்கும் அந்த ஜீப்பில்தான் போகிறார்கள். என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ரவிக்கை தைக்க மட்டும் என்னிடம்தான் வருகிறார்கள். வண்டி பாதி நிறைந்து போகிறது, பாதி காலியாகப் போகிறது.

அந்த முன்சீட்டும் காலிதான். ஸ்டோருக்குப் போகிற வழி என்பதால் பாண்டி தினமும் அதில்தான் உட்கார்ந்து போவான். அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே, கால் வழுக்கிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்துவிட்டான். திங்கட்கிழமை அவன் டிபன் பாக்ஸோடு வந்து கதவைத் திறக்கப் போனபோது, குருவம்மாள் உள்ளிருந்து பூட்டிவிட்டு, "பஸ்ஸுல வாங்க" என்றாளாம். அதிலிருந்து பஸ்தான். சோறு போடுகிறாள், துணி துவைக்கிறாள், நல்லபடியாகத்தான் பேசுகிறாள். வண்டியில் மட்டும் ஏற்ற மாட்டாள்.

நேற்று நான் அவளோடு குமுளிக்குப் போனேன். பஸ் ஸ்டாப்பில் மழையில் பாண்டி நின்றுகொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் குடையைக் கொஞ்சம் உயர்த்தினான். பிள்ளைகள், "பாண்டி மாமா!" என்று கத்தினார்கள். வண்டி நிற்கவில்லை.

எனக்கே மனசு கேட்கவில்லை. "பாவம்க்கா, மழையில நிக்கிறாரு. ஏத்திக்கிட்டா என்ன? கம்பெனிக்காரன் நம்பல, ஊரு நம்பல, அவங்களையெல்லாம் விட்டுட்டீங்க. இவர மட்டும் இந்தப் பாடு படுத்துறீங்களே" என்றேன்.

அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவங்கள்லாம் நான் ஓட்டி எங்கடி பாத்தாக?" என்றாள். "இவரு தெனமும் பக்கத்துல உக்காந்து வந்தவருல்ல."